கேதீஸ்வரி திறந்த மதகு

போன வருடம், பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டோ பிடித்து ஏறாவூருக்கு என் வீடு தேடி வந்தார். ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிபர் பதியுதீனைக் கேட்டால் ரயில் கதையெல்லாம் சொல்வார் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவருடைய பூட்டனார் விக்டோரியா மகாராணி காலத்தில் இந்தியாவில் ரயில் பாலங்கள் கட்டிய இன்ஜினியராம். அந்தப் பூட்டனாரைப் பற்றிக் குடும்பத்தார் அச்சடித்த தடித்த புத்தகம் ஒன்றையும் கொண்டு வந்திருந்தார். வாங்கிப் புரட்டினேன். எந்த ஆற்றில் எந்தப் பாலம், எந்த ஊரில் என்ன காய்ச்சல், யார் வீட்டில் விருந்து, எல்லாம் இருந்தது. மனிதர் வளர்த்த நாயின் பெயர்கூட இருந்தது. இன்னொரு பக்கத்தில் ஒரு படம். மண்கூடைகளோடு ஓர் ஊரே திரண்டு நிற்கிறது. கீழே "கூலிகள்" என்று மட்டும் போட்டிருந்தது.

வந்த மனிதர் நல்லவர்தான். அவர்மீது கோபப்பட்டு என்ன பயன்? தேநீர் கொடுத்து, தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன். ஆனால் அவர் போன பிறகும் எனக்கு ஆறவில்லை. எனக்கும் ஓர் இன்ஜினியரைத் தெரியும். பாலம் கட்டிப் பெயர் வாங்கியவர் அல்ல. ஒரு மதகைத் திறந்ததற்காகப் பந்தாடப்பட்டவர். அவருக்குப் புத்தகம் போட யாரும் வரப்போவதில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். நிதானமாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த நிதானம் என்னிடம் இல்லை.

கேதீஸ்வரி கிரானில் பிறந்தவர். தகப்பன் கந்தப்போடி மருதடி வட்டையின் விதானை. ஒரே வாய்க்காலில் பாய்கிற வயல்கள் எல்லாம் சேர்ந்ததுதான் வட்டை. அந்த வட்டையின் தண்ணீருக்குப் பொறுப்பானவர் விதானை. எந்த வரம்பைக் கட்டுவது, எதை வெட்டுவது என்று அவர் வாய் திறந்தால்தான் அங்கே மண்வெட்டி விழும். இது அரசாங்கம் கொடுத்த பதவி இல்லை. வயல்காரர்கள் கூடிக் கொடுப்பது. அதனால் அரசாங்கப் பதவியைவிட மதிப்பு அதிகம். தாய் சீதேவிப்பிள்ளை அதிகம் பேசாதவர். மகள் படிக்கிறாள் என்றால் வீட்டில் ரேடியோவை நிறுத்திவிடுவார். அதுதான் அவர் பேச்சு.

தண்ணீருக்குள் வளர்ந்த பிள்ளை கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தது. பல்கலைக்கழகம் போய் இன்ஜினியராகி, ரயில் பாதைகளைப் பராமரிக்கிற வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியது. உறவுக்காரர் மூக்கில் விரல் வைத்தார்கள். பெண்பிள்ளை போய்த் தண்டவாளத்தில் நடப்பதா என்றார்கள். கந்தப்போடி மட்டும் மகளுக்கு நல்ல குடை ஒன்று வாங்கிக் கொடுத்து கோச்சியில் ஏற்றிவிட்டாராம். ரயிலை நாங்கள் கோச்சி என்போம்.

முதல் வேலை மலைநாட்டில். மழைக்கு மண் சரிகிற பாதை. இவருக்கு ஒரு மேசையும் ஒரு கதிரையும் கொடுத்து உட்கார வைத்தார்கள். பாதையைப் பார்க்க, தண்டவாளத்தில் ஓடுகிற ட்ரொலி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பாதை நெடுகக் கழிப்பறை கிடையாது, உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறோம் என்று பதில் வந்தது. "நான் கேட்டது ட்ரொலி. கக்கூஸ் கேக்கல்ல" என்று சொல்லிவிட்டு, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தண்டவாளம் வழியே நடக்கத் தொடங்கிவிட்டார். மூன்றாவது தடவை நடந்து போனபோது ட்ரொலி பின்னாலேயே வந்ததாம். இதைச் சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது சண்டைக் காலம். மட்டக்களப்புப் பெயரோடு தெற்கில் வேலை செய்வது என்றால் சும்மாவா? தான் பழுதுபார்த்த பாலத்தில் தானே சோதனைக்கு அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நின்றிருக்கிறார். இவருக்குப் பின்னால் வந்தவர்கள் இவரைத் தாண்டி மேலே போனார்கள். கூட்டங்களில் தேநீர் வந்ததா என்று பார்க்கும்படி இவரிடம்தான் சொல்வார்கள். அத்தனை வருடமும் அவர் பொறுப்பில் இருந்த பாதையில் ஒரு பெட்டி தடம் புரண்டதில்லை. அதை யார் கணக்கில் எடுத்தார்கள்?

பிறகுதான் எங்கள் பக்கத்துக்கு வந்தார். வாழைச்சேனைக்கும் ஏறாவூருக்கும் இடையிலே ஒரு சிறிய நிலையத்தில் நான் அதிபராக இருந்தேன். கேதீஸ்வரி ஆள் நெட்டை, பேச்சில் உப்புக் கொஞ்சம் தூக்கல். பாராட்டுகிற வழக்கமே கிடையாது. ஒழுங்காக வேலை செய்தால் பேசாமல் போவார், பிசகினால் நின்று பேசுவார். பாதை வேலையாட்களுக்கு இவரைக் கண்டால் நடுக்கம். ஆனால் இவர் வந்த பிறகு அவர்களில் ஒருவருக்கும் கையோ காலோ நசுங்கவில்லை. என்னை "மாஸ்டர்" என்பார். நான் "மிஸ்" என்பேன். மத்தியானத்தில் நிலைய வாங்குப் பலகையில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரிப்பார். வீட்டிலிருந்து கட்டித்தயிர் வந்தால் எனக்கும் பாதி உண்டு.

மருதடி வட்டைக்கும் வாவிக்கும் நடுவே எங்கள் ரயில் பாதை மேட்டில் போகிறது. மாரி மழைக்கு மேற்கே இருந்து வருகிற வெள்ளம் முழுக்க அந்த மேட்டைக் கடந்துதான் வாவிக்குப் போக வேண்டும். பழைய காலத்தில் பாதை போட்டவர்கள் அதற்காக ஐந்து மதகு வைத்திருந்தார்கள். செங்கல் வளைவு மதகுகள். கேதீஸ்வரி வந்த அடுத்த வருடம் பாதையை உயர்த்துகிற திட்டம் ஒன்று வந்தது. அதற்கென்று தனி அலுவலகம், தனி வாகனங்கள், தனி ஒப்பந்தக்காரர். அவர்கள் ஐந்தில் மூன்றை மண்போட்டு மூடிவிட்டார்கள். மிச்சம் இரண்டில் கொங்கிறீட் குழாய் இறக்கினார்கள். குழாய் பெரிது, இது போதும் என்றார்கள்.

போதாது என்று கேதீஸ்வரி சொன்னார். கூட்டத்தில் எழுந்து சொன்னார். மழைக் கணக்கைக் காட்டிச் சொன்னார். திட்டத்தின் தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? உங்கள் அப்பாவின் வயல் அந்தப் பக்கம்தானே என்று கேட்டார். ஆட்கள் சிரித்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தேன். அந்தச் சிரிப்பு இன்னமும் என் காதில் இருக்கிறது. தகப்பனுக்கு அங்கே வயல் இருப்பதால்தானே தண்ணீர் எவ்வளவு வரும் என்று அவருக்குத் தெரியும்? அது குற்றமா?

இனி, மருதடிக்காரர் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். மிஞ்சிய இரண்டு மதகில் பெரியது வாய்க்கால் வாயில் இருக்கிறது. சிறுபோகக் கடைசியில் அந்த மதகின் வாயில் கம்பு நட்டு, வைக்கோலும் களிமண்ணும் போட்டு அடைத்துவிடுவார்கள். முதல் மழைத் தண்ணீர் வயலில் தங்கினால்தான் உழுது விதைக்கலாம். பெருமழைக்கு முன்னால் அடைப்பை வெட்டிவிடுவார்கள். அதற்கு ஒரு நாள் பார்ப்பார்கள். பக்கத்தில் உள்ள வைரவருக்குப் பொங்கிப் படைத்து, விதானை முதல் மண்வெட்டி போட வேண்டும். அவர் போட்ட பிறகுதான் மற்றவர் கை வைக்கலாம். பாதை போட்ட நாளிலிருந்து இப்படித்தான். இது ரயில்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் குறை சொன்னதில்லை. ஐந்து மதகு இருந்த காலத்தில் ஒன்றை அடைத்தால் ஒன்றும் ஆகாது.

அந்த ஐப்பசியில் சீதேவிப்பிள்ளை மாரடைப்பில் இறந்துபோனார். பொங்கலுக்கு நாள் குறித்திருந்த நேரம். செத்த வீட்டுக்கு நானும் போனேன். வானம் மேற்கே கறுத்துக் கிடந்தது. கேதீஸ்வரி தாயின் படத்துக்கு முன்னால் இருந்தவர் எழுந்து வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். பிறகு தகப்பனிடம் போனார்.

"அப்பா, அடைப்ப வெட்டச் சொல்லுங்க. இந்த மழை பொறுக்காது."

"செத்த வீட்டுத் துடக்கு மகள். முப்பத்தொண்டாம் நாள் கழியாம வைரவருக்குப் பொங்க ஏலா. பொங்காம வெட்ட ஏலா."

"அப்ப வேற ஆரையும் வெட்டச் சொல்லுங்க."

"விதானை நான் இருக்கக்குள்ள வேற ஆரு கை வைப்பான்?"

"மூணு மதகு இல்ல அப்பா. அத மூடிப்போட்டானுகள். முந்தின மாதிரி இல்ல இப்ப."

கந்தப்போடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ட அம்மாட துடக்கு மகள் இது" என்றார். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மனைவியைக் கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு வந்தவர். ஊர் தன்னிடம் கொடுத்த காரியத்தை ஊர் சொல்லும் முறைப்படி செய்யத்தான் அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் கேதீஸ்வரி, பாதை வேலைக்கு நாட்கூலிக்கு வருகிற நிதுர்ஷனைக் கூட்டிக்கொண்டு மதகுக்குப் போனார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தாயின் துடக்கோடு, பொங்கல் இல்லாமல், ஒரு பெண் வைரவர் வாசலில் மண்வெட்டி பிடித்தாள் என்றால் கிரானில் என்ன பேச்சு எழும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் வெட்டினார். களிமண்ணைக் கொத்திக் கம்புகளைப் பிடுங்கி மதகின் வாயைத் துப்புரவாகத் திறந்துவிட்டார்கள். நடுவில் நிதுர்ஷன் நிமிர்ந்து பார்த்தபோது, மேட்டில் குடையோடு கந்தப்போடி நின்றிருக்கிறார். தடுக்கவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை. பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். இதை நிதுர்ஷன்தான் பிறகு எனக்குச் சொன்னான். வேறு யாரும் காணவில்லை. அன்று மாலையே மழை இறங்கியது. மதகு தண்ணீருக்குள் மறைந்துவிட்டது.

இரண்டு நாள் விடாமல் பெய்தது. மதகு திறந்திருந்தும் வட்டையில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. ஐந்து வாயால் போக வேண்டிய வெள்ளம் இரண்டு வாயால் எப்படிப் போகும்? கேதீஸ்வரி செத்த வீட்டு உடுப்போடு முழங்கால் தண்ணீரில் மேட்டோரம் நடந்து பார்த்துவிட்டு என் நிலையத்துக்கு வந்தார்.

"மாஸ்டர், பகல் கோச்சிய விடாதீங்க. மேடு ஊறிட்டு. நான் பொறுப்பு."

நிறுத்தினேன். அந்தக் கோச்சிக்குள் இருந்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் திட்டிய திட்டு கொஞ்சமல்ல. பாசிக்குடாவுக்குப் போக வேண்டிய உல்லாசப் பயணிகள் படம் பிடித்தார்கள். யாரோ பெரிய இடத்துச் செயலாளர் எனக்குத் தொலைபேசி எடுத்து, ஒரு பெண் சொன்னதைக் கேட்டு ரயிலை நிறுத்துவீர்களா என்று கத்தினார். அவர் கத்தி ஓய்ந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. மூடிய மூன்று மதகும் இருந்த இடத்தில் மேடு அப்படியே கரைந்து வாவிப் பக்கம் சரிந்தது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வயலில் முளைத்திருந்த பயிரெல்லாம் வெள்ளத்தோடு அள்ளுப்பட்டுப் போனது.

ஓர் உயிரும் போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ். அதற்காகக் கேதீஸ்வரிக்கு ஒரு நன்றிச் சொல் வந்ததா? அந்தச் செயலாளர் திரும்ப எடுத்தாரா? கத்துவதற்கு மட்டும் தொலைபேசி வேலை செய்யும் போலிருக்கிறது.

பிறகு விசாரணை வைத்தார்கள். திட்ட அலுவலகம் தானே மூன்று பேரை நியமித்து, தானே தன்னை விசாரித்தது. ஊர் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். முடிவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வந்தவர்கள்: மருதடிக்காரர் மதகை அடைத்தார்கள், தண்ணீர் தேங்கியது, மேடு உடைந்தது, ஆகவே விதானைமீதும் வட்டைக் குழுமீதும் வழக்கு. மூடிய மதகுகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. இது எடுபட்டால் அந்த மூன்று மதகும் இனி ஒருபோதும் திறக்கப்படாது. வருடாவருடம் மருதடி மூழ்கும், வருடாவருடம் மருதடிக்காரனே குற்றவாளி.

கேதீஸ்வரி எழுந்து, மழைக்கு முதலே அடைப்பை வெட்டிவிட்டேன் என்று சொன்னார். மண்டபத்தில் இருந்த வயல்காரருக்கு அப்போதுதான் அது தெரியும். ஒரு இரைச்சல் எழுந்தது.

யார் கண்டது என்று விசாரணைத் தலைவர் கேட்டார். நிதுர்ஷன் கையைத் தூக்கினான். அவன் உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவன், அவன் சாட்சி செல்லாது என்றார்கள். வேறு யாராவது உண்டா என்று கேட்டார்கள்.

கந்தப்போடி மூன்றாம் வரிசையில் வயல்காரர் நடுவே இருந்தார். கேதீஸ்வரி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வேற ஒருத்தரும் இல்ல" என்றார்.

தகப்பனைக் காட்டியிருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். துடக்கோடு மகள் மதகில் கை வைத்ததைக் கண்டும் விதானை பேசாமல் போனார் என்றால், அதற்குப் பிறகு வட்டை அவரை விதானையாக வைத்திருக்குமா? தகப்பன் வாழ்நாளில் சம்பாதித்தது அது ஒன்றுதான். அதைத் தன் வாயால் பறிக்க மகளுக்கு மனம் வரவில்லை. தலைவர் புன்சிரிப்போடு பேனையை மூடினார்.

அப்போது கந்தப்போடி எழுந்தார்.

"நான் கண்ட. மேட்டுல நிண்டு கண்ட நான். என்ட மகள்தான் வெட்டின. துடக்கோடதான் வெட்டின. நான் தடுக்கல்ல. மதகு திறந்துதான் கிடந்த. தண்ணி போறத்துக்கு ரெண்டு வழி காணாது. நீங்க மூடின மூணும் திறந்து இருந்தா இந்த மேடு உடையா."

விசாரணைக்காரருக்குச் சிங்களத்தில் மொழிபெயர்க்க இருந்தவர் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தார். மகள் வெட்டினாள் என்று தகப்பன் ஒப்புக்கொள்கிறார் என்றார். கேதீஸ்வரி சிங்களத்தில் மிச்சப் பாதியையும் சொன்னார். உங்களை மொழிபெயர்க்க யாரும் அழைக்கவில்லை, உட்காருங்கள் என்று தலைவர் சொன்னார். எனக்கு அந்த மேசையைப் பிடித்துக் கவிழ்த்தால் என்ன என்று இருந்தது. ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த ஒரு நிலைய அதிபர் அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையே வட்டை கூடியது. கந்தப்போடியை விதானையிலிருந்து இறக்கினார்கள். பயிர் போனதற்கே அந்தத் துடக்குத்தான் காரணம் என்று பேசினார்கள். வைரவர் கோபித்துவிட்டாராம். மண்போட்டு மதகை மூடியவர்கள்மீது வைரவருக்குக் கோபம் வரவில்லை, தாயை இழந்த பிள்ளைமீதுதான் வந்ததாம். நான் வேறு மதத்துக்காரன், வைரவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த வயல்காரரைப் பற்றிப் பேச உரிமை உண்டு. தலைமுறையாக ஒரே சந்தையில் நெல் வாங்கி விற்றவர்கள் நாங்கள். அவர்களுக்காகப் பேசினவரை அவர்களே இறக்கினார்கள்.

விசாரணை முடிவு வந்தது. கேளுங்கள் இந்த அநியாயத்தை. அடைப்பு இருந்ததால்தான் உடைந்தது என்று வந்தவர்கள், அடைப்பு இல்லை என்று தெரிந்ததும் என்ன எழுதினார்கள்? பொறியியலாளர் ஒருவர் அனுமதியின்றி அடைப்பை வெட்டியதால் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து மேட்டை அரித்தது என்று எழுதினார்கள். உடைந்த இடம் எங்கே, வெட்டிய மதகு எங்கே? நடுவில் ஒரு கிராமமே இருக்கலாம். அதைப் பற்றி யாருக்குக் கவலை? உடைந்த மேட்டை அதே மண்ணால், அதே ஒப்பந்தக்காரர் திரும்பக் கட்டினார். மூன்று மதகும் மூடியபடியே கிடந்தன. இனி யாரும் அடைக்கக் கூடாது என்று பெரிய மதகின் வாயில் இரும்புக் கம்பி வலை ஒன்றைப் பூட்டினார்கள். தொட்டால் பொலிஸ் பிடிக்கும் என்று ஊருக்கு அறிவித்தார்கள். கேதீஸ்வரியைத் தூர இடத்தில், பழைய வரைபடங்கள் அடுக்கி வைக்கிற அறை ஒன்றுக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை என்று கேள்வி. மழை பெய்தால் சத்தம்கூடக் கேட்காதாம்.

அடுத்த மாரி வந்தது. நான் அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டேன். புதிய விதானை முறைப்படி பொங்கினார், அறிவித்தபடி அடைப்பும் போடவில்லை. ஆனால் மழை தொடங்கிய அன்றே வயலில் கிடந்த வைக்கோலும் சல் என்கிற நீர்க்களையும் பாசியும் மிதந்து வந்து கம்பி வலையில் தட்டித் தட்டிச் சுவராகிவிட்டது. களிமண்ணால் அடைத்ததைவிட மோசமான அடைப்பு. இப்போது அடைத்தது திட்ட அலுவலகம். பொலிசுக்குப் பயந்து ஒருவரும் கிட்டப் போகவில்லை. மேட்டோரம் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கந்தப்போடி சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறாவூருக்கே வந்துவிட்டார். அவருடைய போன் நனைந்து போயிருந்தது.

"மாஸ்டர், மகளுக்கு ஒருக்கா எடுத்துத் தாங்க."

எடுத்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன். கந்தப்போடி தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் கசிகிறது என்று சொன்னார். கேதீஸ்வரி உடனே கேட்டார்.

"பின்னேரக் கோச்சி போயிட்டா?"

"இன்னம் இல்ல மகள்."

"அப்பா, கம்பிய இப்பவே கழட்டுங்க. நாலு மூலையிலயும் நட்டு இருக்கு. வாய்க்கால் பக்கம் நிண்டு கழட்டுங்க, குழாய்க்கு நேர நிக்காதீங்க. இழுத்துப்போட்டுரும். மாஸ்டர் கேட்டுக்கொண்டிருக்காரா? கேளுங்க மாஸ்டர், இத நான்தான் சொல்றன்."

என் வீட்டு ஸ்பானரைக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற பிறகு வாங்கிய என் ஓட்டோவிலேயே கொண்டுபோய் விட்டேன். முழங்கை தேயத் தேய அந்த மனிதர் நான்கு நட்டையும் கழற்றினார். வலை விழுந்ததும் தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது. இருட்டுவதற்குள் வட்டையில் வரம்புகள் தெரியத் தொடங்கின. பின்னேரக் கோச்சி மேட்டின்மீது மெதுவாகப் போனது. மேடு நின்றது.

மறுநாள் பொலிஸ் கந்தப்போடியைப் பிடித்துக்கொண்டு போனது. ரயில் சொத்துக்குச் சேதம். அவர் மகளைப் பற்றி மூச்சு விடவில்லை. "நானாத்தான் கழட்டின" என்று கைநாட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டார். முதல் வருடம் தண்ணீரை அடைத்ததற்குக் குற்றம், இந்த வருடம் திறந்துவிட்டதற்குக் குற்றம். அந்த மனிதர் என்னதான் செய்ய வேண்டும் என்று இந்த நாடு எதிர்பார்க்கிறது? சொல்லுங்கள் பார்ப்போம்.

வழக்கறிஞர் ஒரு வழி சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் வயதைப் பார்த்துத் தண்டப்பணத்தோடு விட்டுவிடுவார்கள், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். கந்தப்போடி தலையாட்டினார். மகளின் வேலை தப்பும், அவருக்கு அது போதும். ஆனால் அதன் பிறகு கிரானில் அவர் பெயர் ரயில் இரும்பைக் கழற்றினவன் என்றுதான் நிற்கும். கேதீஸ்வரிக்கு மேலிடத்திலிருந்து வாய்மொழியாகச் செய்தி போயிருந்தது: அந்த வழக்குப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம், போனால் வேலை இருக்காது.

வழக்கு நாள் காலையில் நான் போனபோது நீதிமன்றத்தின் கடைசி வாங்கில் கேதீஸ்வரி இருந்தார். கையில் நனைந்த குடை. என்னைக் கண்டு தலையை மட்டும் அசைத்தார். நானும் சாட்சிக்கு வந்தவன்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். கந்தப்போடி கூண்டில் ஏறினார். குற்றவாளியா, குற்றமற்ற சுற்றவாளியா என்று கேட்டார்கள். அவர் வாயைத் திறக்கும் முன்னால் கேதீஸ்வரி எழுந்து நின்றார்.

"ஐயா, கம்பியக் கழட்டச் சொன்னது நான்."

நீதவான் நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் யார் என்று கேட்டார்.

மகள் என்று சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன்.

"அந்தப் பாதைக்குப் பொறுப்பா இருந்த இன்ஜினியர். அத அங்க பூட்டினது பிழை. கழட்டாம விட்டிருந்தா அண்டைக்குப் பின்னேரக் கோச்சி வாவிக்குள்ள போயிருக்கும். அவர் நான் சொன்னதச் செஞ்சாரு."

"மகள், இரி" என்றார் கந்தப்போடி கூண்டிலிருந்து. குரல் கெஞ்சியது. "இரிகா மகள்."

கேதீஸ்வரி உட்காரவில்லை. நீதவான் அவர் சொன்னதைப் பதியச் சொன்னார். கந்தப்போடியைப் பிணையில் விட்டு, மதகுகள் பற்றித் திட்ட அலுவலகத்தை விளக்கம் கேட்டு வழக்கைத் தள்ளிவைத்தார். அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். அதற்கு அவர்கள் இன்றுவரை பதில் சொல்லவில்லை. கேதீஸ்வரிக்கு மட்டும் பதில் உடனே வந்தது. அடுத்த கிழமையே பணி இடைநிறுத்தம். இதை எழுதுகிற இன்றும் அவர் வேலை இல்லாமல், கிரானில் தாயின் வீட்டில்தான் இருக்கிறார்.

அன்று நீதிமன்ற வாசலில் கந்தப்போடிக்கு வந்த கோபம் போல நான் முன்பு கண்டதில்லை. செருப்பை மாட்ட மறந்து வெறுங்காலோடு நின்றார்.

"ஏன் மகள் சொன்ன? நான் தண்டத்தக் கட்டிப்போட்டு வந்திருப்பனே. இவ்வளவு படிச்சுப்போட்டு, இப்பிடி வேலையத் தொலைச்சுப்போட்டு வந்து நிக்கிறாயே."

கேதீஸ்வரி குனிந்து செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தார்.

"நீங்க அண்டைக்கு மண்டபத்தில ஏன் எழும்பின, அப்பா?"

கந்தப்போடி செருப்பை மாட்டிக்கொண்டு மகளின் கையிலிருந்த குடையை வாங்கி விரித்தார். இரண்டு பேரும் அதற்குள் நின்றபடி கிரான் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.